விமலாவின் ஐந்தாவது டயர்

விமலா ஜெயித்தவற்றை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். தோட்டத் தொழிலாளர் விளையாட்டு விழாவில் கயிறிழுப்புக் கோப்பை. அந்த அணியிலேயே எடை குறைந்தவள் அவள்தான், ஆனாலும் கடைசி ஆளாகக் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு தரையில் உட்கார்ந்தவளை எதிர் அணியால் அசைக்க முடியவில்லை. தீபாவளிச் சந்தையில் ஒரே ஒரு சீட்டு வாங்கி அடித்த பிரஷர் குக்கர். கோல சிலாங்கூரில் கோயில் வாசலில் பூக்கடை போட ஓர் இடம். அந்த இடத்தை ஏற்கெனவே ஒரு வாழைப்பழக்காரரும் ஒரு கறுப்பு நாயும் பிடித்து வைத்திருந்தார்கள். வாழைப்பழக்காரர் போய்விட்டார், நாய் அவளிடமே வேலைக்குச் சேர்ந்துவிட்டது. கார் லைசென்ஸ், நாலாவது முயற்சியில். மூன்று முறை தோற்றபோதும் “உங்க காருதான் சரியில்ல” என்று பயிற்சிக்காரரிடம் சாதித்தாள், அவர் நொந்துபோய்க் காரை மாற்றினார், பாஸாகிவிட்டாள். இவை எல்லாவற்றுக்கும் மேல், ஒரு டயர்.

புருஷன் போனபோது மகன் கணேஸ்வரன் பாலர் பள்ளியில் இருந்தான். அன்றிலிருந்து விமலாவுக்குப் பூதான் சோறு போட்டது. புக்கிட் பெலிம்பிங்கில், பெரிய சாலையிலிருந்து பார்த்தால் தெரியாத, மஞ்சள் கேட் போட்ட வீடு. முன் கூடத்தில் நாற்காலி கிடையாது. பூக்கூடை, நார், வாழை இலை, ஈரச் சாக்கு இவைதான் உண்டு. வருகிறவர்கள் நின்றுகொண்டே பேசிவிட்டுப் போக வேண்டும். சாமிக்குச் சாத்தும் மாலை கடையில் விற்றுப்போகும். கல்யாண மாலைகளை மட்டும் அவளே காரில் எடுத்துப் போய், பெண் வீட்டாரின் கையில் கொடுத்துவிட்டு வருவாள். ஈஜோக், செரண்டா, அதற்கு உள்ளே இருக்கும் தோட்டத்துக் கோயில்கள் என்று எங்கே முகூர்த்தம் நடந்தாலும், விமலாவின் மாலை பிந்தி வந்தது என்று ஒருவர் சொன்னதில்லை.

அவள் ஓட்டிய பழைய குட்டிக் கார் அண்ணன் உமாபதி பேரில் இருந்தது. ஓட்டுகிறவள் அவள், சம்மன் வருவது அவருக்கு. “நான் படுக்கையில படுத்திருந்த நேரத்துல என் காரு செரண்டாவுல சிவப்பு விளக்கைத் தாண்டியிருக்கு” என்று அவர் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் காகிதத்தைக் காட்டுவார்.

கணேஸ்வரன் வளர்ந்து, செரண்டாவில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, புதுக் கார் ஒன்றை எடுத்தான். வெள்ளை நிறம், உயரமான கார். மரபுப்படி கோயில் வாசலில் பூஜை. விமலா எலுமிச்சம்பழங்களோடு வந்து நின்றாள். குருக்கள் நான்கு சக்கரத்துக்கு அடியிலும் ஒவ்வொன்றாக வைத்துவிட்டு நிமிர்ந்தார். அவள் கையில் இன்னும் ஒரு பழம் இருந்தது.

“அம்மா, சக்கரம் நாலுதானே?”

“அஞ்சு சாமி. பூட்ல ஒண்ணு படுத்திருக்கும். ஆபத்துக்கு ஓடி வர்றது அதுதான். அதுக்கு வைக்காம விட்டா நல்லாவா இருக்கும்?”

குருக்கள் இத்தனை வருடத்தில் கேட்காத நியாயம் அது. சரியென்று தலையாட்டினார். கணேஸ்வரன் மட்டும் தலையைச் சொறிந்தான். பின் கதவைத் தூக்கி, விரிப்பை விலக்கினான். டயர் இருக்க வேண்டிய பள்ளத்தில் பால் புட்டி மாதிரி ஒரு புட்டியும், கைப்பிடி வைத்த ஒரு சின்ன மோட்டாரும் கிடந்தன.

விமலா பள்ளத்துக்குள் கையை விட்டுத் துழாவினாள். “ஐயோ, எடுத்துட்டானுங்களாடா? புதுக் காருலயே கைய வச்சிட்டானுங்களே!”

“யாரும் எடுக்கலம்மா. இப்ப வர்ற நிறைய காருக்கு ஸ்பேர் டயர் குடுக்கிறதே இல்ல. பஞ்சர் ஆனா இந்த மருந்த டயருக்குள்ள ஏத்தணும், மோட்டார் காத்தடிக்கும், டயர் கடை வரைக்கும் ஓட்டிரலாம்.”

“மருந்தா? டயருக்கு என்ன காய்ச்சலா?”

கூட்டம் சிரித்தது. ஆனால் எடுத்து வந்த பழத்தை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாது அல்லவா? அந்தப் பழத்தைப் புட்டியின் தலையில் வைத்தார்கள். குருக்கள் புட்டிக்கும் ஒரு குங்குமப் பொட்டு வைத்துவிட்டு, கேலியா பக்தியா என்று தெரியாத முகத்தோடு தேங்காயை உடைத்தார்.

அடுத்த பிரச்சனை விமலாவின் காரே. குட்டிக் கார் மழை பெய்தால் கிளம்பாது, வெயில் அடித்தால் நிற்காது. கணேஸ்வரன் தன்னுடையது போலவே அம்மாவுக்கும் ஒன்று எடுக்கலாம் என்றான். உமாபதியும் கூடவே வந்தார். அவர் எதையும் விசாரிக்காமல் செய்கிறவர் அல்லர். கார் கடைக்குப் போவதற்கு முன்பே இரண்டு டயர் கடைகளிலும் ஒரு பட்டறையிலும் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருந்தார்.

கார் விற்கும் தம்பியின் பெயர் செல்வா. முகத்தில் எப்போதும் சிரிப்பு. விமலா பின் கதவைத் திறக்கச் சொன்னதும் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

“அக்கா, உங்க பழைய கார்ல ஸ்பேர் டயர எத்தன தடவ மாட்டியிருக்கீங்க?”

“ஒரு தடவகூட இல்ல.”

“பாத்தீங்களா! அந்தப் பாரத்த வருசக்கணக்கா சும்மா சுமந்துட்டுப் போயிருக்கீங்க. பெட்ரோல்தான் வீண்.”

“வீட்டுல தீயணைக்கிற வாளி வச்சிருக்கேன். தீ புடிக்கலயேன்னு தூக்கி வீசிடவா?”

உமாபதி இடையில் வந்தார். “தம்பி சொல்றது சரிதான் விமலா. நான் விசாரிச்சிட்டேன். பஞ்சர்ல முக்காவாசி ஆணிப் பஞ்சர். அதுக்கு அந்த மருந்து போதும். மிச்சத்துக்கு ஒரு போன் போட்டா இழுத்துட்டுப் போற வண்டி வரும். சரி, டயரே இருக்குன்னு வை. உனக்கு மாத்தத் தெரியுமா?”

“எனக்குத் தெரியாது. தெரிஞ்சவன் யாராவது வருவான். அவன் வந்து நிக்கிறப்ப மாத்துறதுக்கு டயர் இருக்கணும்ல?”

அந்தச் சுற்று அவளுக்குத்தான். ஆனால் விமலா அந்த வெற்றியை அனுபவிக்கவில்லை. அவள் கண் பள்ளத்தின் மேல் விழுந்துவிட்டது. வட்டமாக, ஆழமாக, நிழலாக இருந்த அந்தப் பள்ளம். பழைய காரில் மாலைப் பெட்டிகளை அடுக்கினால் ஒன்றின் மேல் ஒன்று நசுங்கும். மல்லிகை பாதி வழியில் வாடும். இந்தப் பள்ளத்தில் ஐஸ் வைத்து மேலே ஈரச் சாக்கு போட்டால் பூ அசையாமல் தூங்கிக்கொண்டு வரும். டயரும் வேண்டும், டயர் இல்லாத பள்ளமும் வேண்டும் என்று அவள் மனம் இரண்டு பக்கமும் இழுத்தது. வெளியே சொல்லவில்லை. விரலால் அளந்து மட்டும் பார்த்தாள்.

செல்வா அதைக் கவனித்துவிட்டான். “சரிக்கா, ஸ்பேர் டயர் தனியா வாங்கலாம். இந்தப் பள்ளத்துக்குன்னே மெலிசா ஒண்ணு வருது. ஓனர் கேட்டா நான் எழுதிப் போட்டுத் தர்றேன். காரு யாரு பேர்ல?”

“என் பேர்ல” என்றார் உமாபதி. “ஸ்பேர் டயர் வேணாம்.”

“ஓனரே வேணாங்கிறாரேக்கா.”

விமலா அண்ணனைப் பார்த்தாள். “காசு கட்டுறது நானு. ஓட்டுறது நானு.”

“அதெல்லாம் சரி. பேப்பர்ல யாரு இருக்காங்களோ அவங்க சொல்றதுதான் கணக்கு” என்றார் உமாபதி. கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னார்.

“அக்கா பேர்லயே எடுக்கலாமே?” என்றான் செல்வா.

கணேஸ்வரன் தரையைப் பார்த்தான். விமலாவுக்குக் கையெழுத்து கிடையாது. பேர் எழுத வேண்டிய இடத்தில் எல்லாம் இதுவரை பெருவிரலை மையில் தோய்த்து வைத்தவள். அந்த மைப்பெட்டி வந்தாலே முகம் இறுகிவிடும் என்பதால்தான், கார் முதல் மின்சாரக் கட்டணம் வரை எல்லாம் அண்ணன் பேரில் போயிற்று. யாரும் அதை ஒரு குறையாக நினைக்கவில்லை. அன்று வரை அவளும் நினைக்கவில்லை. இன்று ஒரு டயர் கேட்டதற்கு, கேட்க உனக்கு உரிமை இல்லை என்று ஆகிவிட்டது. “யோசிச்சிட்டு வரேன்” என்று வெளியே வந்துவிட்டாள்.

யோசித்து முடிவதற்குள் ஆனி மாதக் கல்யாணங்கள் வந்துவிட்டன. மாதக் கடைசியில் ஈஜோக்கைத் தாண்டி உள்ளே போகும் ஒரு தோட்டத்துக் கோயிலில் முகூர்த்தம். மாப்பிள்ளை பெயர் குமரவேல். அன்று காலை மழை தூறியது, ஆகவே குட்டிக் கார் கிளம்பவில்லை. கணேஸ்வரன் தன் காரில் அம்மாவை ஏற்றிக்கொண்டான். பெட்டிகளை அடுக்கும்போது அவனை விரட்டிவிட்டு அவளே அடுக்கினாள்.

“ஏம்மா, பின்னாடி இவ்ளோ பாரமா இருக்கு?”

“பூவுக்குத் தண்ணி தெளிச்சேன்.”

“தண்ணி தெளிச்சீங்களா, கிணத்தையே ஏத்துனீங்களா?”

ஈஜோக் வரை தார்ச்சாலை. அப்புறம் எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களுக்கு நடுவே செம்மண் சாலை. குலை அறுத்த மட்டைகள் இரண்டு ஓரத்திலும் கிடந்தன. எதிரே குலை ஏற்றிய லோரி ஒன்று வந்தது. கணேஸ்வரன் மரியாதையாக இடது பக்கம் ஒதுங்கினான். முன் சக்கரம் ஒரு மட்டையின் அடிக்காம்பில் ஏறியது. செம்பனை மட்டையின் அடிக்காம்பு முள்ளைப் பற்றி அங்கே வாழ்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலில் ஏறினால் ஆஸ்பத்திரி, டயரில் ஏறினால் டயர் கடை. புஸ்ஸென்று ஒரு சத்தம். கார் சாய்ந்து நின்றது.

“பயப்படாதீங்கம்மா. மருந்து இருக்கு” என்று கணேஸ்வரன் இறங்கினான். பூவுக்காக அவள் முன் சீட்டுக்கு அடியில் நகர்த்தி வைத்திருந்த குங்குமப் பொட்டுப் புட்டியையும் மோட்டாரையும் எடுத்து, படத்தில் காட்டியபடி குழாயைச் சொருகி, மோட்டாரைத் தட்டினான். மருந்து உள்ளே போயிற்று. போன வேகத்திலேயே டயரின் பக்கவாட்டில் நீளமாகக் கிழிந்திருந்த வாய் வழியாக வெளியே வந்தது. பொங்கல் பானை பொங்குவது போல வெள்ளை நுரை பொங்கி அவன் காலணியை நனைத்தது. தரையில் படும் பக்கத்தில் ஆணி குத்தியிருந்தால் கதையே வேறு. பக்கவாட்டுக் கிழிசலுக்கு அந்த மருந்து ஆகாது என்று புட்டியிலேயே எழுதியிருந்ததை அவன் அப்போதுதான் படித்தான்.

“பொங்கலோ பொங்கல்” என்றாள் விமலா.

“சிரிக்காதீங்கம்மா. முகூர்த்தம் நெருங்குது.”

“நான் ஏன் அழணும்? பூட்ட தொற.” அவள் பெட்டிகளை நகர்த்தி, ஈரச் சாக்கைத் தூக்கி, வாழை இலையை விலக்கினாள். பள்ளத்துக்குள் குட்டிக் காரின் ஸ்பேர் டயர் படுத்திருந்தது. அவள் முகத்தில் கயிறிழுப்புக் கோப்பையை வாங்கிய நாளின் களை. “ம், தூக்கு. மாட்டு.”

கணேஸ்வரன் டயரையே பார்த்தான். பிறகு சாய்ந்து கிடந்த சக்கரத்தைப் பார்த்தான். பிறகு அம்மாவைப் பார்த்தான்.

“அம்மா. உங்க டயருக்கு போல்ட் மாட்ட நாலு ஓட்ட. என் காருக்கு அஞ்சு.”

“ஒரு ஓட்ட குறைஞ்சா என்ன? நாலுல மாட்டு, மெதுவா ஓட்டுவோம்.”

“மாட்டவே முடியாதும்மா! சைஸும் சின்னது. இத மாட்டினா காரு நொண்டியடிக்கும்.” அவன் கட்டைவிரலால் அமுக்கினான். டயர் தோசை மாவு போல உள்ளே போயிற்று. “இதுல காத்தும் இல்ல.”

விமலாவும் ஒரு முறை அமுக்கிப் பார்த்தாள். இத்தனை வருடம் காவலுக்கு இருக்கிறது என்று அவள் நம்பிய டயர் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது. இழுத்துப் போகும் வண்டிக்காரர்களுக்குப் போன் போட்டார்கள்; வருவோம், ஆனால் ராவாங்கிலிருந்து வர வேண்டும் என்றார்கள். அவள் டயரை மறுபடி வாழை இலையால் மூடினாள், யாரும் பார்க்கக் கூடாது என்பது போல. பெட்டியைத் திறந்து மாலையைத் தொட்டுப் பார்த்தாள். மாலை நன்றாக இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்க முடியவில்லை.

அப்போது பின்னால் ஹாரன் சத்தம். ரிப்பனும் பூவும் கட்டிய ஒரு கார். தோட்டத்துக்கு ஒரே பாதை. மாப்பிள்ளை குமரவேலும் அந்தப் பாதையில்தான் வந்தாக வேண்டும். முன்னால் அவனுடைய தாய்மாமன் உட்கார்ந்திருந்தார், பின்னால் பட்டு வேட்டியில் மாப்பிள்ளை.

“என்னக்கா, மாலை இங்க நிக்குது?” என்றார் மாமன்.

“மாப்பிள்ளையே இன்னும் இங்கதான நிக்கிறாரு” என்றாள் விமலா. “நகர்ந்து உக்காரு தம்பி.”

கணேஸ்வரன் காருக்குக் காவலாக நின்றான். ஒரு பெட்டி மாப்பிள்ளை மடியில், ஒரு பெட்டி அவள் மடியில். “பெட்டிய அமுக்காத தம்பி, அது பொண்ணு போட்டுக்கிற மாலை” என்று வழியெல்லாம் மாப்பிள்ளையை அதட்டிக்கொண்டே போனாள். வேர்வையைத் துடைக்கக்கூட அவனுக்குக் கை இல்லை.

கோயில் வாசலில் பெண் வீட்டார் திரண்டிருந்தார்கள். கார் நின்றதும் நாதஸ்வரமும் தவிலும் கிளம்பின. பெண்ணின் அத்தை, கண்ணில் நீரோடு, ஆரத்தித் தட்டைத் தூக்கிச் சுற்ற ஆரம்பித்தார். கூட்டம் நின்ற பக்கத்துக் கதவு திறந்தது. வெளியே வந்தது விமலா, மார்போடு ஒரு வெள்ளைப் பெட்டியை அணைத்துக்கொண்டு, பாதத்தில் செம்மண்ணோடு.

தவில்காரர் ஒரு தட்டு தவறவிட்டார். அத்தையின் கை அந்தரத்தில் நின்றது. பின்னாலிருந்து ஒரு கிழவியின் குரல் மட்டும் வந்தது: “சுத்த ஆரம்பிச்ச ஆரத்திய பாதியில நிறுத்தாத! ஆகாது! சுத்து!”

அத்தை சுற்றினார். முறைப்படி மூன்று சுற்று முடித்து, விமலாவின் நெற்றியில் பொட்டும் வைத்துவிட்டார். விமலாவும் முறைப்படி தலை குனிந்து வாங்கிக்கொண்டாள். பிறகு தட்டில் கரைசல் போதாமல், மாப்பிள்ளை இன்னும் கொஞ்ச நேரம் காருக்குள்ளேயே காத்திருக்க வேண்டியதாயிற்று. மாலை மட்டும் பிந்தவில்லை.

இந்தக் கதை அவளுக்கு முன்னால் கோல சிலாங்கூர் போய்ச் சேர்ந்தது. கடைக்குப் பூ வாங்க வந்தவர்கள் “மாப்பிள்ளைக்கா, வாங்க” என்று கூப்பிட்டார்கள். உமாபதி சாயங்காலமே வந்துவிட்டார்.

“ஸ்பேர் டயர் வச்சிருந்தும் உதவலையே. நான் சொன்னது சரிதானே?”

“மருந்து வச்சிருந்தும் உதவலையே. நான் சொன்னதும் சரிதான்.”

“அப்ப எதுதான் உதவுச்சு?”

“மாப்பிள்ளை.” அவள் நாரைப் பல்லால் கடித்து அறுத்தாள். “நாளைக்கு அந்த வழியில மாப்பிள்ளை வரலன்னா? அதது காருக்குன்னு அதது டயர் வேணும்ணே. ஓட்டை எண்ணி, காத்தடிச்சு. நான் எண்ணாதது என் தப்பு.”

“சரி, எடுக்கிறப்ப பாத்துக்கலாம்” என்றார் அவர். அந்தப் பேச்சுக்கு வேண்டாம் என்று பொருள். அவருக்கு அவருடைய நியாயம் இருந்தது. தார்ச்சாலையில் கார் ஓட்டும் ஆயிரம் பேருக்கு அது சரியாகவும் இருந்தது. இன்றுவரை அவர் அதை விட்டுக்கொடுக்கவில்லை.

ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் யாரும் புது வண்டி எடுப்பதில்லை, கல்யாணமும் கிடையாது. விமலாவுக்கு அந்த வருடம் ஆடி முழுவதும் வேறு வேலை இருந்தது. மகனிடம் ஒரு அட்டையில் தன் பேரை எழுதி வாங்கிக்கொண்டாள். கடையில் ஆள் இல்லாத நேரத்தில் வாழை இலையைத் திருப்பிப் போட்டு, நார் கோக்கும் ஊசியால் கீறினாள். இலையில் கீறியது முதலில் தெரியாது. கொஞ்ச நேரம் கழித்துப் பழுப்பாக எழும். எழும்பியதைப் பார்த்துவிட்டு, அந்த இலையிலேயே பூவைச் சுற்றி விற்றுவிடுவாள். ஆடியில் அம்மனுக்கு வாங்கிப் போன எத்தனையோ பூப்பொட்டலங்களில் அவள் பேர் கோணல் மாணலாகப் போயிருக்கிறது. வாங்கியவர்களுக்குத் தெரியாது.

ஆவணி பிறந்ததும் மூன்று பேரும் செல்வாவின் கடைக்குப் போனார்கள். உமாபதி வழக்கம் போல் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

“கார் என் பேர்ல” என்றாள் விமலா.

“அப்ப மைப்பெட்டிதான் வேணும்” என்றார் உமாபதி. செல்வா சிரிப்பை நிறுத்தாமல் அதைத் தேடினான். “அது வேணாம் தம்பி” என்றவள், அண்ணன் கையிலிருந்த பேனாவை வாங்கிக்கொண்டாள். “மொதல்ல ஸ்பேர் டயர எழுது. மெலிசா வருமே, அஞ்சு ஓட்டை. எண்ணிட்டு எழுது.”

“எழுதிட்டேன்கா. பள்ளத்துல போட்டுக் குடுத்துர்றேன்.”

“பள்ளத்துல வேணாம். அது பூவுக்கு.”

“அப்ப டயர எங்க வைப்பீங்க?”

“முன் சீட்டுல.”

“அக்கா, அங்க பாரம் வச்சா பெல்ட் போடச் சொல்லி கார் கத்தும்.”

“டயருக்குப் பெல்ட் போட்டுட்டா போச்சு.”

“அப்ப நான் எங்க உக்காருறதாம்?” என்றார் உமாபதி.

“பின்னாடிதான்ணே. நீ கட்டாயமில்ல, டயர் கட்டாயம்.”

கணேஸ்வரன் வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தான். செல்வா காகிதத்தைத் திருப்பி, கீழே ஒரு கோட்டைக் காட்டினான். விமலா பேனாவை வலது கையில் பிடித்தாள். முனை கோட்டை விட்டு விலகியது. கீழே வைத்துவிட்டு இடது கையில் எடுத்தாள். பிறவியிலேயே அவள் இடது கைக்காரி. இரண்டாம் வகுப்பில் வாத்தியார் அந்தக் கையில் பிரம்பால் அடித்து வலது கையில் சுண்ணாம்புக் குச்சியைத் திணித்த அன்று குச்சியைக் கீழே போட்டவள், அதன் பிறகு எந்தப் பள்ளிக்கூடத்திலும் எதையும் கையில் எடுக்கவில்லை. மாலை கட்டுவது எந்தக் கையால் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

“நல்ல காரியத்துக்கு அந்தக் கையா விமலா?” என்று உமாபதி வாய்தவறி ஆரம்பித்தார்.

“எல்லார் கல்யாணத்துக்கும் இந்தக் கைதான்ணே கட்டுச்சு.”

அவள் நாக்கின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு குனிந்தாள். வி. மேல் வளைவு கொஞ்சம் பெரிதாகிக் கோட்டுக்கு மேலே ஏறியது. ம. லா. கடைசித் துணைக்காலை முடித்ததும் காற்றில் காய வைப்பது போல ஊதினாள், மை ஏற்கெனவே காய்ந்திருந்தும். உமாபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, காகிதத்தைத் தன் பக்கம் திருப்பி, எழுத்துப் பிழை இல்லை என்று சரிபார்த்தார். பக்கத்தில் தேதி போட வேண்டிய கட்டம் காலியாக இருந்தது. எண் எழுத அவளுக்கு எப்போதும் தெரியும். அதையும் அந்தக் கையாலேயே அவளே எழுதினாள்: 19-8-2024.